புதுச் செயின் நழுவினால் ஃப்ரீவீலைப் பாருங்க

சைக்கிள் செயின் மாத்தின பிறகுதான் மேட்டுல அழுத்தி மிதிச்சா நழுவுதுன்னு எழுதியிருக்கீங்க. செயின் மேல தப்பு இல்லீங்க, பின்சக்கரத்துல செயின் ஓடுற பல்சக்கரத் தொகுதி, அதான் ஃப்ரீவீல், அதோட பல் தேஞ்சிருக்கும். பழைய செயின் நீள நீள, பல்லும் அதுக்கேத்தபடி தேயும். புதுசு அதுல சரியா உட்காராது.

பழைய செயின் இருந்தா இழுத்துப் பிடிச்சு, கண்ணிகளைக் கோர்க்குற ஆணி (பின்) ஒண்ணோட நடுவுல இருந்து, 24 ஆணி தள்ளி இருக்குற ஆணியோட நடு வரைக்கும் அளங்க. புதுசுல 30.5 செ.மீ. இருக்கும். 30.8-ஐத் தொட்டிருந்தா ஃப்ரீவீலும் மாத்தணும். செயினை இறுக்கிப் பார்க்குறது வீண்வேலை.

வழக்கமா ஓட்டுற கியர்ல மட்டும் நழுவினா ஃப்ரீவீல்தான், சந்தேகமே வேண்டாம். எல்லா கியர்லயும்னா, பெடலைப் பின்பக்கமா மெதுவா சுத்துங்க. இறுகின கண்ணி இருந்தா பின்னாடி கியர் மாத்துற கருவியோட சின்ன உருளையில துள்ளும். அதைப் பக்கவாட்டுல வளைச்சு இளக்கிடலாம்.

சரியாகுற வரை எழுந்து நின்னு மிதிக்காதீங்க, விழுந்துடுவீங்க.