புதிய பாகங்கள் பொருத்திய கேமிங் கணினி: ஓவர்கிளாக் கேள்வி பதில்

பிராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று பாதிக் கணினியைப் புதுப்பித்துவிட்டு, "இனி இதை எவ்வளவு விரட்டலாம்?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பாகங்களைத் தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ரைசன் 7000 வரிசை பிராசசர், டிடிஆர்5 ரேம், புதிய கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். எதை முதலில் ஓவர்கிளாக் செய்வது?

ஒரு வாரத்துக்கு எதையும் செய்யாதீர்கள். புதிய பாகத்தில் தயாரிப்புக் குறை இருந்தால் பெரும்பாலும் அது தலைகாட்டுவது இந்த முதல் நாட்களில்தான். ஓவர்கிளாக் செய்த பிறகு கணினி நின்றுபோனால், குறை பாகத்திலா, நீங்கள் மாற்றிய அமைப்பிலா என்று பிரித்தறிவது பெரும்பாடு.

அந்த வாரத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, பழக்கதோஷத்தில் மதர்போர்டிலா? 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் விண்டோஸில் இன்னும் 60இல் நிற்கிறதா? ரேம் இரண்டு துண்டுகள் என்றால், நான்கு இடங்கள் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் அவை பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடங்களில் இருக்க வேண்டும். கூலரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், "வெப்பம் தாங்கவில்லை" என்று என்னிடம் வந்த கணினிகளில் இரண்டில் அந்தத் தாள்தான் குற்றவாளி.

இவை சரியென்றால் சினிபெஞ்ச், 3டிமார்க் என்ற வேகச் சோதனை மென்பொருள்கள் இரண்டையும் ஓட்டி மதிப்பெண்ணையும் வெப்பநிலையையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்தப் பக்கம் இல்லாமல், பின்னால் கிடைத்தது லாபமா நட்டமா என்று உங்களுக்கே தெரியாது.

கேள்வி: பெட்டியில் 6000 என்று போட்ட டிடிஆர்5 ரேம் வாங்கினேன். சிபியு-இசட் மென்பொருளில் 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. டிடிஆர் நினைவகம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது. அந்த மென்பொருள் துடிப்பைக் காட்டுகிறது. பெட்டியில் இருப்பது தரவுப் பரிமாற்றத்தின் எண்ணிக்கை. 2400ஐ இரண்டால் பெருக்கினால் 4800. டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் எந்த அமைப்பும் செய்யாமல் ஓடத் தொடங்கும் வேகம் அதுதான்.

மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், ஏஎம்டி போர்டு என்றால் எக்ஸ்போ, இன்டெல் போர்டு என்றால் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்குங்கள். ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைப்பது அதுதான். பிறகு 3000 என்று காட்டும், அதாவது 6000. ரைசன் 7000 வரிசைக்கு இதுவே நல்ல வேகம், அதற்கு மேல் துரத்த வேண்டிய தேவை குறைவு. பல விளையாட்டுகளில், பிராசசரை வருத்திப் பெறும் லாபத்தைவிட இந்த ஒரு அமைப்பு தரும் லாபம் அதிகம்.

ஓர் எச்சரிக்கை. இதை இயக்கிய பிறகு வரும் முதல் துவக்கத்தில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். மதர்போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. பதறிப்போய் மின்சாரத்தை அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: பெயரில் கே என்ற எழுத்து இல்லாத இன்டெல் பிராசசரும் பி760 மதர்போர்டும் வைத்திருக்கிறேன். பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா?

முடியாது. பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணான பெருக்கியை மாற்ற முடியும்படி திறந்துவிட்ட கே வகைப் பிராசசரும், இசட் வரிசை மதர்போர்டும் சேர்ந்தால்தான் அது நடக்கும். ரேமின் எக்ஸ்எம்பியை மட்டும் பி760இல் தாராளமாக இயக்கலாம். ஏஎம்டி பக்கம் பெரும்பாலான ரைசன்கள் திறந்தவை. ஏ620 மதர்போர்டு மட்டும் பிராசசர் ஓவர்கிளாக்குக்கு இடம் தராது.

கேள்வி: ஐயா, அந்தக் காலத்தில் ஐம்பது சதவீதம் வரை வேகம் கூட்டினார்கள் என்று படித்தேன். நான் ஒரு நாள் முழுக்க முயன்றும் மூன்று சதவீதம்தான் கிடைத்தது. என் முறை தவறா?

உங்கள் முறையில் தவறில்லை. 1998இல் வந்த செலரான் 300ஏ பிராசசரில் பெருக்கி 4.5. அந்தப் பெருக்கி பெருக்குவது மதர்போர்டின் அடிப்படை வேகமான பஸ்ஸை. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450இல் ஓடும். நான் இந்தப் பித்துக்குள் விழுந்ததே அந்தப் பிராசசரால்தான். அன்று தயாரிப்பாளர்கள் ஒரு சில்லின் திறனில் பெரும்பகுதியைத் தொடாமலேயே விற்றார்கள். இன்றைய பிராசசர் தன் வெப்பத்தையும் மின்சாரத்தையும் கணத்துக்குக் கணம் அளந்து, இடம் இருக்கும்வரை தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. நீங்கள் செய்ய நினைத்ததில் பெரும்பங்கை அதுவே செய்து முடித்துவிடுகிறது.

மிச்சம் இருக்கும் சில சதவீதத்துக்குக் கொடுக்கும் விலையையும் கணக்குப் போடுங்கள். பிராசசர் உறிஞ்சும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தை 5 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தை 8 சதவீதம் ஏற்ற வேண்டியிருந்தால், 1.05ஐ 1.08ஆல் இருமுறை பெருக்குங்கள்: 1.22 வரும். ஐந்து சதவீத வேகத்துக்கு 22 சதவீதம் கூடுதல் வெப்பம். பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளான கோர்கள் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் பூட்டிவைத்தால், ஒற்றைக் கோர் தானாக எட்டும் உச்ச வேகத்தையும் இழக்க நேரிடலாம். பல விளையாட்டுகளுக்கு அந்த உச்சம்தான் உதவுகிறது.

கேள்வி: சினிபெஞ்ச் ஓடும்போது என் ரைசன் 7900எக்ஸ் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. எரிந்துவிடுமா?

எரியாது. அந்த வரிசையின் எக்ஸ் வகைகள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே தம்மை நிறுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. விளையாடும்போதும் 95 என்றால் மட்டும் கூலரைக் கழற்றிப் பாருங்கள். வெப்பம் உறுத்துகிறது என்றால் பயாஸில் மின்திறனைக் குறைக்கும் ஈக்கோ அமைப்பை இயக்குங்கள். விளையாட்டில் வித்தியாசம் தெரிவது அரிது.

கேள்வி: ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் நினைவக வேகத்தை 1500 மெகாஹெர்ட்ஸ் கூட்டினேன். எதுவும் செயலிழக்கவில்லை. ஆனால் வினாடிக்குத் திரையில் வரும் ஃபிரேம் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்துவிட்டது. எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இந்தப் பொறியில் சிக்கியவர்கள் பலருக்குச் சிக்கியதே தெரியாது. ஜிடிடிஆர்6எக்ஸ் போன்ற நினைவகம், தரவு பழுதாகி வந்தால் கண்டுபிடித்து அதே தரவை மறுபடி அனுப்புகிறது. எல்லை மீறினால் முன்பு திரையில் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், நமக்குப் புரியும். இப்போது பிழைகள் மௌனமாகத் திருத்தப்படுகின்றன, ஒவ்வொரு திருத்தமும் நேரத்தைத் தின்கிறது. வேகம் ஏறியதாக எண் காட்டும், வேலை குறைந்திருக்கும்.

ஆகவே "செயலிழக்கவில்லை" என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். 100 மெகாஹெர்ட்ஸ் கூட்டுங்கள், ஒரே சோதனையை ஓட்டுங்கள், மதிப்பெண்ணைக் குறியுங்கள், மறுபடி 100. ஓரிடத்தில் மதிப்பெண் ஏறுவது நிற்கும், பிறகு இறங்கும். ஏறுவது நின்ற இடத்திலிருந்து இரண்டு படி கீழே வந்து அங்கே தங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் கோர் வேகம் வேறு குணம் கொண்டது. முதலில் மின்வரம்பு நகர்த்தியை உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். அதுவே ஆபத்தில்லாமல் கொஞ்சம் வேகம் தரும். பிறகு கோரை 50 கூட்டி, அதன்பின் 15, 15 ஆகக் கூட்டுங்கள். விளையாட்டு திடீரென மூடிக்கொண்டாலோ டிரைவர் செயலிழந்தாலோ 30 அல்லது 45 இறக்குங்கள். கோரையும் நினைவகத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது கவிழ்த்தது என்று கண்டுபிடிக்கவே மாலை முழுவதும் போய்விடும்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டின் மின்னழுத்தத்தைக் குறைப்பது நல்லது என்கிறார்கள். வேகம் குறையாதா?

சரியாகச் செய்தால் பல நேரம் குறையாது. ஒரே மாதிரிச் சில்லுகளிலும் தரம் கூடக்குறைய இருப்பதால், தயாரிப்பாளர் எல்லாவற்றுக்கும் போதுமான மின்னழுத்தத்தைக் கொடுத்துவிடுகிறார். உங்கள் சில்லு நல்லதாக அமைந்திருந்தால் அதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஆஃப்டர்பர்னரில் மின்னழுத்தம்–வேகம் வளைவைத் திறந்து, கார்டு வழக்கமாக எட்டும் வேகத்தை அதைவிடக் குறைந்த மின்னழுத்தப் புள்ளியில் வைத்து, அதற்கு மேலுள்ள வளைவைத் தட்டையாக்கிப் பாருங்கள். வெப்பமும் விசிறிச் சத்தமும் குறையும், மின்வரம்பில் முட்டி வேகம் ஏறி இறங்குவதும் அடங்கும். இன்றைய கார்டுகளில் நான் முதலில் செய்வது இதைத்தான்; வேகம் கூட்டுவது பிறகு.

கேள்வி: ரைசனின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் அமைப்பில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 வைத்தேன். சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடியது. ஆனால் சும்மா இருக்கும்போதும், உலாவியில் படிக்கும்போதும் கணினி தானாக மறுதுவக்கம் ஆகிறது. சுமையைத் தாங்குவது சும்மா இருக்கும்போது ஏன் விழுகிறது?

முழுச் சுமையில் எல்லாக் கோர்களும் சேர்ந்து ஓடுவதால் ஒவ்வொன்றும் அதன் உச்சத்துக்குக் கீழேயே நிற்கிறது. சும்மா இருக்கும் கணினியில் திடீரென ஒரு சிறு வேலை வந்தால், ஒற்றைக் கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். நீங்கள் மின்னழுத்தத்தைக் குறைத்திருப்பது அந்தத் தாவலைத்தான் பாதிக்கிறது. ஏஎம்டியின் கணக்கில் ஒரு படி ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். முப்பது படி என்றால் 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை பறித்துவிட்டீர்கள்.

கோர்கள் எல்லாம் ஒரே தரமல்ல. சிறந்தவை என்று பிராசசரே குறித்துவைத்திருக்கும் இரண்டு கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் தடுமாறும், ஏனென்றால் உச்ச வேகம் அவற்றின் தலையில் விழுகிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் டபிள்யூஎச்இஏ என்ற வன்பொருள் பிழையைத் தேடுங்கள். எந்தக் கோர் என்று அறிய அதில் துப்பு கிடைக்கும். அந்தக் கோரை மட்டும் மைனஸ் 15க்கு ஏற்றுங்கள். ஓசிசிடி மென்பொருளில் கோர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் வசதி இருக்கிறது; இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் சோதித்தால் நிலையானது என்று நம்பலாம்?

கிராபிக்ஸ் கார்டு விழுந்தால் ஒரு விளையாட்டு மூடும், அவ்வளவுதான். அதை இரண்டு நாள் விளையாடியே சோதிக்கலாம். பிராசசருக்கு ஓர் இரவு. ரேமில் மட்டும் நான் எந்தச் சலுகையும் தருவதில்லை. ஒரு முறை ரேமின் தாமத எண்களைக் கையால் இறுக்கிவிட்டு, அரை மணி நேரச் சோதனையோடு திருப்தியடைந்தேன். மூன்று வாரம் எல்லாம் சரியாக ஓடியது. பிறகுதான், அந்த நாட்களில் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்த குடும்பப் புகைப்படங்களில் பல பாதியில் சாம்பல் நிறமாகத் திறப்பதைப் பார்த்தேன். மூலத்தை அழித்துவிட்டிருந்தேன். மின்னழுத்தம் எகிறி ஒரு பாகம் கருகியிருந்தால் புதிதாக வாங்கியிருக்கலாம்.

ரேமில் எந்த மாற்றம் செய்தாலும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று, அதன்பின் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 என்று இரண்டையும் ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு வேண்டாம். சோதனை முடியும்வரை முக்கியமான கோப்புகளின் நகல் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: நான்கு ரேம் துண்டுகள் போட்டேன். எக்ஸ்போ இயக்கினால் கணினி துவங்கவே மறுக்கிறது.

டிடிஆர்5இல் நான்கு துண்டுகள் பிராசசரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பெரும் சுமை. ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம் இரண்டு துண்டுகளுக்கு 5200, நான்குக்கு 3600. இரண்டைக் கழற்றுங்கள். அதிகக் கொள்ளளவு வேண்டுமென்றால் பெரிய இரண்டு துண்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓவர்கிளாக் செய்தால் பிராசசர் நிரந்தரமாகப் பழுதாகுமா? உத்தரவாதம் போய்விடுமா?

வேகம் மட்டும் சில்லைக் கொல்வது அரிது, மின்னழுத்தம் கொல்லும். அதுவும் நீங்கள் கைவைக்காமலே நடக்கலாம். 2023இல் ரைசன் 7800எக்ஸ்3டி போன்ற சில பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகின. எக்ஸ்போவை இயக்கியபோது சில மதர்போர்டுகள், பிராசசரின் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தைத் தாமாகவே ஏற்றியதும் அதில் ஒரு காரணம். அதன்பின் பயாஸ் திருத்தம் வழியாக அது 1.3 வோல்ட்டுக்குள் அடக்கப்பட்டது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைகளில் வந்த நிலையின்மைக்கும் அதிகப்படியான மின்னழுத்தமே காரணம். 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடு, அதாவது பிராசசரின் உள் நிரல், திருத்தம் பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. இந்தப் பிராசசர்கள் வைத்திருப்பவர்கள் ஓவர்கிளாக் பேச்சை எடுக்கும் முன் பயாஸைப் புதுப்பியுங்கள். "ஆட்டோ" என்று விட்ட மின்னழுத்தம் உண்மையில் எவ்வளவு என்று எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பாருங்கள்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, இரண்டு நிறுவனங்களின் விதிகளிலும் நிர்ணயித்த அளவுக்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக்தான். எக்ஸ்போ, எக்ஸ்எம்பியும் அதில் அடங்கும். உத்தரவாதம் மறுக்கப்படலாம் என்று தெரிந்தே செய்யுங்கள்.

கேள்வி: ரேமை 6400 என்று வைத்தேன். இப்போது திரையே வரவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தம்பி, எதுவும் கெட்டுப்போயிருக்காது. முதலில் பத்து நிமிடம் பொறு. பல போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தாமே பழைய வேகத்துக்குத் திரும்பும். வராவிட்டால் மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, மதர்போர்டில் சிமாஸ் அழிப்பு என்று குறித்த, பயாஸ் அமைப்புகளை அழிக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில வினாடிகள் இணை. எந்த ஊசிகள் என்பது மதர்போர்டின் கையேட்டில் படத்தோடு இருக்கும். அது கடினமாக இருந்தால் வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடு. பிறகு 6000க்கே திரும்பு. அப்பாவிடமும் சொல்லிவிடு.

கேள்வி: எல்லாம் செய்தும் என் விளையாட்டில் ஒரு ஃபிரேம்கூடக் கூடவில்லை. நான் கூட்டியது பிராசசர் வேகம்.

4கே தெளிவுத்திறனில் விளையாடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நின்றால், பிராசசர் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை இன்னும் வேகமாகக் காத்திருக்க வைத்ததால் பயனில்லை. கார்டின் பயன்பாடு 70இல் நின்றால்தான் பிராசசரும் ரேமும் கவனிக்க வேண்டியவை. சராசரி ஃபிரேமை மட்டும் பார்க்காமல், மிகக் குறைந்த 1 சதவீத ஃபிரேம்களையும் பாருங்கள். ரேம் வேகம் கூடியதன் பலன் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்: விளையாட்டின் திக்கல் குறையும்.

கேள்வி: பயாஸைப் புதுப்பித்தேன். ஒரு மாதம் உழைத்துக் கண்டுபிடித்த அமைப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன. திரும்பப் பெற வழி உண்டா?

பயாஸுக்குள் சேமித்த பழைய அமைப்புத் தொகுப்பைப் புதிய பதிப்பு பெரும்பாலும் ஏற்காது. ஏற்றாலும் நம்பாதீர்கள், அமைப்புகளின் பொருளே பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். நோட்டில் எழுதியிருந்தால் கையால் மறுபடி உள்ளிடுங்கள். ரேம் சோதனையை முதலிலிருந்து ஓட்டுங்கள். எழுதவில்லை என்றால் எக்ஸ்போவிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை ஒவ்வொரு பயாஸ் பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.