தாத்தாவின் சுருட்டும் ஒரு கோப்பிப் பந்தயமும்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் தாத்தா 92 வயது வரை சுருட்டுப் பிடித்தார். சிகரெட்டையே தொடாத எங்கள் வாத்தியார் 51 வயதில் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். டாக்டர்கள் வீணாகப் பயங்காட்டுகிறார்கள் என்கிறேன். மச்சான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். தோற்றவர் கோப்பி வாங்கித் தர வேண்டும். யார் பக்கம் நியாயம்?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் தாத்தாவை எனக்கும் தெரியும். தோட்டத்துக்குத் தோட்டம் ஒருவர் இருப்பார், லயத்து வாசலில் காலை நீட்டி, பால் டின்னில் சாம்பல் தட்டிக்கொண்டு. எங்கள் லயத்தில் அவர் ஏழாம் வீடு. மூன்றாம் வீடு என் பெரியப்பா, அவரும் புகைப்பவர்தான். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குக் கிளம்புமுன் அவர் இருமும் இருமலில்தான் நாங்கள் கண் விழிப்போம். 56 வயதில் அந்த இருமல் நின்றது. ஊரில் இன்றும் ஏழாம் வீட்டைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போகிறார்?

தாத்தாவுக்குத் தாத்தா வேண்டுமென்றால் நானும் ஒருவரைக் கொண்டுவருகிறேன். இங்கிலாந்தின் ஆராய்ச்சி டாக்டர் ரிச்சர்ட் டால். நுரையீரல் புற்றுநோய் ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேடத் தொடங்கியபோது தார் ரோட்டையும் மோட்டார் புகையையும் சந்தேகித்தவர். அப்போது அவரே சிகரெட் பிடிப்பவர். கணக்கு சிகரெட் பக்கம் காட்டியதும், ஆராய்ச்சி முடியுமுன்னே புகைப்பதை விட்டுவிட்டார். முடிவு வெளிவந்தது 1950-இல். மறு ஆண்டு முதல் 34,000-க்கு மேற்பட்ட ஆண் டாக்டர்களை ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்தார்கள். விடாமல் புகைத்தவர்கள், தொடாதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே போனார்கள். டால் இறந்தது 2005-இல். வயது? அதே 92!

சராசரி என்றால் எல்லாருக்கும் பத்து ஆண்டு வெட்டு என்பதல்ல. சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு இருபது, முப்பது ஆண்டு போகும். நீங்கள் எந்த வரிசை என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. வாத்தியாருக்கு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது. புகைக்காதவருக்கும் அந்த நோய் வரும். புகைப்பவருக்குப் பல மடங்கு அதிகம் வரும். ஹெல்மெட் போட்டவரும் விபத்தில் சாகிறார் என்று நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டா மோட்டார் ஓட்டுகிறீர்கள்?

இன்னொன்று. 1969-இல் அமெரிக்கச் சிகரெட் கம்பெனி ஒன்றின் உள்குறிப்பில், ‘சந்தேகம்தான் நம் சரக்கு’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சரக்கைத்தான் நீங்கள் சம்பளமில்லாமல் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அதுவும், சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக் கூடாது என்று 2019-இல் வந்த தடைக்குப் பிறகு, கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, ரோட்டோரம் நின்றுகொண்டு!

வயதை எழுதவில்லை நீங்கள். அதே டாக்டர்கள் கணக்கில், 40-இல் விட்டவருக்கு ஒன்பது ஆண்டு திரும்பக் கிடைத்தது, 50-இல் ஆறு, 60-இல்கூட மூன்று. விட நினைத்தால் அரசாங்க கிளினிக்கில் அதற்கென்றே சிகிச்சை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

மச்சானுக்குக் கோப்பி உங்கள் செலவு. கடைக்குள் உட்கார்ந்தே குடியுங்கள்.