“நீங்க ஒரு நார்சிசிஸ்ட்” என்கிறார் மனைவி: எனக்கு உண்மையிலேயே அந்த நோய் இருக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 37. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். திருமணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. சமீபத்தில் ஒரு சண்டையில் மனைவி, “நீங்க ஒரு நார்சிசிஸ்ட்” என்றார். தன்னையே பெரிதாக நினைத்து, அடுத்தவர் உணர்வை மதிக்காதவன் என்று அர்த்தமாம். ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பேசுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு இணையத்தில் ஒரு சோதனை எழுதிப் பார்த்தேன். 40-க்கு 23 வந்தது. மனைவி போனில் கலந்து பேசிய ‘ரிலேஷன்ஷிப் கோச்’ ஒருவர், என்னைப் பார்க்காமலேயே நோய் உறுதி என்று சொல்லி, இருவருக்குமான 12 வாரப் பயிற்சிக்கு 45,000 ரூபாய் கேட்கிறார். 60 வயதாகும் என் அப்பாவும் ஒரு வருடமாக யாரையும் மதிக்காமல், தன் இஷ்டத்துக்குப் பணத்தைச் செலவழிக்கிறார். முன்பு சாதுவாக இருந்தவர். இது பரம்பரையாக வருவதா? எனக்கு இருக்கிறதா, இல்லையா?

பதில்: அந்த 45,000 ரூபாயைக் கட்டாதீர்கள். அப்பாவைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்த இரண்டும் முதலில். உங்களைப் பற்றிய கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடலாம், அது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை.

சோதனையிலிருந்து தொடங்குவோம். இணையத்தில் சுற்றும் 40 கேள்விச் சோதனை பெரும்பாலும் ராஸ்கின், டெர்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-ல் வெளியிட்டதுதான். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். சாதாரண மனிதர்களிடம் இந்தக் குணம் எந்த அளவுக்கு இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காக அளக்கச் செய்த கருவி அது. இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று அதில் கோடு கிடையாது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தால் சராசரியே 15, 16 வாக்கில் வருகிறது. உங்கள் 23 அதைவிடக் கூடுதல்தான், ஆனால் எந்தக் கேள்விகளில் வந்தது என்று பாருங்கள். தலைமை தாங்குவது, முடிவெடுப்பது, தன்னை நம்புவது பற்றிய கேள்விகளுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. நாள் முழுக்க பத்துப் பேரை வேலை வாங்குகிற மேலாளருக்கு அங்கே எளிதாக ஏறிவிடும். கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு வகைக் கேள்விகளில்: ‘எனக்குச் சேர வேண்டியது வந்தே தீர வேண்டும்’ என்ற உரிமை எண்ணம், அடுத்தவரை வளைத்துக் காரியம் சாதிக்கிற சாமர்த்தியம். மதிப்பெண் அங்கே குவிந்திருந்தால் அதைக் கவனியுங்கள். மொத்த எண்ணை மறந்துவிடுங்கள்.

‘எனக்கு நார்சிசம் இருக்கிறதோ என்று பயப்படுகிறவனுக்கு அது இருக்காது’ என்று ஒரு வாக்கியம் ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. அது தவறு. இந்தக் குணம் அதிகமுள்ள பலர், நேரடியாகக் கேட்டால் தயங்காமல் ஆமாம் என்கிறார்கள். 2014-ல் வெளியான ஆய்வொன்றில் இதை ஒரே கேள்வியாகவே கேட்டார்கள். கிடைத்த பதில்கள் நீண்ட சோதனைகளோடு ஓரளவு ஒத்துப்போயின. ஆகவே, கேள்வி கேட்டுவிட்டீர்கள் என்பதற்காகவே நீங்கள் தப்பிவிட்டதாக அர்த்தமில்லை.

நோய் என்று மருத்துவர் எப்போது சொல்வார்? அமெரிக்க மனநலக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்லி, அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறது. அவை இளம் வயதிலேயே தொடங்கி, வீடு, அலுவலகம், நட்பு என்று பல இடங்களிலும் வருடக்கணக்கில் தெரிய வேண்டும், அதனால் வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். வீட்டில் மட்டும் கத்துகிறவர், அலுவலகத்தில் மட்டும் பந்தா காட்டுகிறவர் இதில் அடங்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நார்சிசம் என்று தனி நோய்ப் பெயரே இல்லை. ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமானதா, கடுமையானதா என்றுதான் பார்க்கிறார்கள். நிபுணர்களே பெயரைக் கைவிட்டு அளவைப் பார்க்கும்போது, போனில் பேசிய ஒருவர் ‘உறுதி’ என்கிறார்.

ஒன்பது அறிகுறிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு தருணத்தைக் கவனித்தால் போதும்: யாராவது உங்கள் குறையைச் சுட்டிக்காட்டிய பிறகு வரும் முதல் பத்து நிமிடம். எல்லாருக்கும் அப்போது முகம் சுருங்கும், அது இயல்பு. இந்தக் குணம் தூக்கலாக உள்ளவரிடம் மூன்றில் ஒன்று நடக்கும். சொன்னவரையே மட்டம் தட்டுவார், “உனக்கு என்ன தெரியும்?” என்று. அல்லது பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டு நாள், மூன்று நாள் என்று அந்த மௌனம் நீண்டு, கடைசியில் சொன்னவரே வந்து சமாதானம் கேட்கும்படி ஆகும். அல்லது “நான் இந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன்” என்று தானே பாதிக்கப்பட்டவராக மாறிவிடுவார். மார்தட்டிக்கொள்ளாத, கூச்ச சுபாவமுள்ள, எப்போதும் காயப்பட்டுக்கொண்டே இருக்கிற வகையும் உண்டு. அவர்களைப் பலரும் கண்டுகொள்வதில்லை, உள்ளே ஓடுகிற கணக்கு மட்டும் அதேதான்.

அடுத்தது மன்னிப்பு. “உனக்கு அப்படித் தோணியிருந்தா சாரி” என்பதில் தவறு முழுக்க மனைவியின் தோணலில் இருக்கிறது. “நேத்து உன் தம்பி முன்னாடி உன் சம்பளத்தைக் கிண்டல் பண்ணேன். நீ எழுந்து உள்ளே போயிட்ட. அது தப்பு” என்பதில் செயல் இருக்கிறது, அது நடந்த நாள் இருக்கிறது, எதிராளிக்கு என்ன ஆனது என்பதும் இருக்கிறது. ‘ஆனா’ என்ற சொல் இல்லை. கடந்த ஆறு மாதத்தில் இந்த இரண்டாவது வகை மன்னிப்பை எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். ஒன்றுகூட நினைவுக்கு வராவிட்டால், உங்கள் மனைவி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு கட்டம்: என்ன நடந்தது, உடம்பில் என்ன தெரிந்தது (காது சூடாவது, தாடை இறுகுவது), முதல் பத்து நிமிடத்தில் என்ன சொன்னேன் அல்லது செய்தேன், எதிரில் இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும். நான்காவது கட்டத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். “அவளுக்கு எப்பவும் இப்படித்தான்” என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. “எல்லார் முன்னாலும் அவமானமாக இருந்திருக்கும்” என்று எழுதினால்தான் கட்டம் நிரம்பியதாக அர்த்தம். அன்றன்றைக்கே எழுதுங்கள். வார இறுதியில் மொத்தமாக எழுதினால் மனம் அதற்குள் தனக்குச் சாதகமாகக் கதையைத் திருத்தி வைத்திருக்கும்.

பிறகு மூன்று பேரிடம் கேளுங்கள்: வீட்டில் ஒருவர், பழைய நண்பர் ஒருவர், உங்களுக்குக் கீழே முன்பு வேலை பார்த்து இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்ட ஒருவர். இப்போது உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரிடம் கேட்டால் உண்மை வராது. “நான் எப்படிப்பட்டவன்?” என்று கேட்காதீர்கள். “எங்கிட்ட எந்த விஷயத்தைச் சொல்லத் தயங்குவே?” என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். மூன்று பேரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அந்த நோட்டோடு மருத்துவ உளவியலாளரிடம் போங்கள்.

இதற்கு மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தரலாம், குணத்துக்கு மருந்து இல்லை. வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல், ஒரு வருடமோ அதற்கு மேலோ பேச்சு சிகிச்சைதான் வழி. அது தோற்கும் இடமும் தெரிந்ததே: சில வாரங்களில் சிகிச்சையாளர் முதல்முறையாக ஒரு குறையைச் சுட்டுவார், “இவருக்கு ஒண்ணும் தெரியல” என்று வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். இதை முதல் நாளே சிகிச்சையாளரிடம் சொல்லி வையுங்கள்: “நான் பாதியில் நிற்கக்கூடும், நின்றால் ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள்” என்று. இது சிலருக்கு உதவலாம்.

இப்போது கோச் விஷயம். ஒரு முறைகூடப் பேசிப் பார்க்காத ஒருவருக்கு நோய்ப் பெயர் சூட்டுவது எந்த மருத்துவ முறையிலும் கிடையாது. கோச் என்று பலகை மாட்ட நம் நாட்டில் படிப்பும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஆலோசகர்களை ஒழுங்குபடுத்த 2021-லேயே சட்டம் வந்தது. இந்தக் கோச்சுகளோ இன்னும் தைரியமாகக் கடை விரித்திருக்கிறார்கள். யாரிடம் போனாலும் பணம் கொடுக்கும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இருக்கும், இணையத்திலேயே சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உண்டு. எண்ணைக் கேட்டதும் கோபம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் ‘பேக்கேஜ்’ வேண்டவே வேண்டாம். ‘பிரெயின் மேப்பிங்’ எடுத்தால் நார்சிசம் தெரிந்துவிடும் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். எந்த ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் அது தெரியாது. குணத்தை மாற்றும் என்று சொல்லி, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி, சொட்டு மருந்து ஆபத்தானது.

விவாகரத்து வழக்குக்காக, கணவரையோ மனைவியையோ பார்க்காமலே ‘நார்சிசிஸ்ட்’ என்று சான்றிதழ் வாங்கித் தருகிற தரகர்களும் இருக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் அந்தக் காகிதம் நிற்காது, பணம் போனதுதான் மிச்சம்.

உங்கள் மனைவிக்கும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. பணத்தைப் பிடுங்கி வைப்பது, போனைச் சோதிப்பது, பிறந்த வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது, தினமும் கேவலப்படுத்துவது ஆகியவை நடந்தால் அதற்கு நோய்ப் பெயர் தேவையே இல்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான, பொருளாதாரரீதியான கொடுமையையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. தேதியோடு குறித்து வைத்த சம்பவங்கள்தான் அங்கே உதவும். 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி கிடைக்கும். பயம் இருக்கிற வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசும் ஆலோசனை முதலில் வேண்டாம். அங்கே பேசியதற்கு வீட்டில் அடி விழும்.

அப்பாவைப் பற்றி நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே அவசரமானது அதுதான். ஆளுமைக் கோளாறு இளம் வயதிலேயே தெரிந்துவிடும். 59 வயது வரை சாதுவாக இருந்தவர் ஒரே வருடத்தில் மாறினால், வேறு நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் சுருங்கும் ஒரு வகை டிமென்ஷியா (மூளைத் தேய்வு நோய்) பெரும்பாலும் 45-லிருந்து 65 வயதுக்குள் தொடங்குகிறது. தொடக்கத்தில் ஞாபகமறதி அதிகம் இருக்காது, அதனால் குடும்பமும் ஏமாறும், சில மருத்துவர்களும் ஏமாறுவார்கள். அடுத்தவர் வருத்தத்தைக் கண்டுகொள்ளாமல் போவது, கூச்சமில்லாமல் பேசுவது, இனிப்பை அள்ளி அள்ளித் தின்பது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, கண்டபடி செலவழிப்பது ஆகியவையே அதன் முகம். இரண்டாவது சாத்தியம் மேனியா: தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறைந்தும் களைப்பே இல்லாமல், பேச்சு வேகமாகி, பெரிய திட்டங்கள் போட்டு ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலரைச் சூதாட்டத்திலும் செலவிலும் இறக்கிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும் ஆளை மாற்றும். குடி, தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நரம்பியலும் மனநலமும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் மருத்துவர் உங்களுக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்கள்தான். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், ஆளுமையைப் பற்றிய கதையை அந்தச் சில நிமிடத்துக்குள் சொல்லச் சொல்வது அநியாயம்தான். அதனால் ஒரு பக்கக் காகிதம் எழுதிக்கொண்டு போங்கள். மேலே “வயது 60, மாற்றம் தொடங்கியது இந்த மாதத்தில், அதற்கு முன் இப்படி இல்லை” என்று எழுதுங்கள். கீழே தேதியோடு ஐந்து சம்பவங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள், தூங்கும் நேரம். மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துப் போங்கள். அப்பா வர மறுத்தால் ‘மனநலம்’ என்று வாதாட வேண்டாம், சர்க்கரையும் பிரஷரும் பார்க்கலாம் என்று அழைத்துப் போய் அவற்றையும் உண்மையிலேயே பாருங்கள். எப்படித் தொடங்குவது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். பரிசோதனை முடியும் வரை பத்திரம், ஜாமீன், கடன் எதிலும் அவர் தனியாகக் கையெழுத்துப் போடாதபடி வீட்டில் ஒருவர் கூடவே இருங்கள்.