போர்டுல நிக்கிற அந்த 'ஈ' யாரு?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் எண்ட்ல ஒரே குடும்பம் நூறு வருஷத்துக்கு மேல ஒரு இத்தாலி கஃபே நடத்துறாங்களாமே, நிஜமா? அரசாங்கமே அதைப் பாதுகாக்குதாமே?

பதில்: நிஜம்தாங்க. பெத்னல் கிரீன் ரோட்ல இருக்கிற ஈ. பெலிச்சி, 1900ல ஆரம்பிச்சது. அந்த 'ஈ' (இங்கிலீஷ் எழுத்து E) யாருன்னா எலிடே பெலிச்சி, புருஷன் ப்ரியாமோ இறந்தப்புறம் புள்ளைங்களையும் வளர்த்துக்கிட்டு கடையையும் விடாம நடத்துனவங்க, இன்னிக்கும் போர்டுல அவங்க எழுத்துதான் நிக்குது, எனக்கு அந்தக் கடையில ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். மகன் நெவியோ பொறந்ததே கடைக்கு மேல இருந்த வீட்லதான்.

உள்ள சுவர் பூரா ஆர்ட் டெக்கோ (1920, 30கள்ல பிரபலமா இருந்த அலங்கார பாணி) மர வேலைப்பாடு, 1946ல அக்கில்லே கபோச்சிங்கிற தச்சர் செஞ்சது. 2005ல இந்தக் கட்டடத்தை கிரேடு டூ பட்டியல்ல, அதாவது அரசாங்கம் பாதுகாக்கிற முக்கியமான கட்டடங்களோட பட்டியல்ல சேர்த்துட்டாங்க, அதனால அனுமதி இல்லாம அந்த வேலைப்பாட்டுல கை வைக்க முடியாது. ஆனா ஒண்ணு, அந்தச் சட்டம் காப்பாத்துறது கட்டடத்தை மட்டும்தான், வியாபாரத்தை இல்ல. அடுத்த தலைமுறை வேற வேலைக்குப் போயிட்டா சட்டம் வந்து அடுப்பு பத்தவைக்காது, அதை அந்தக் குடும்பம்தான் தினமும் விடியக்காலைல எழுந்து செய்யணும், செய்யுறாங்க.

இத்தாலி கடைன்னாலும் பாஸ்தா மட்டும் இல்ல, முட்டை, பேக்கன், பீன்ஸ்னு இங்கிலீஷ் காலைச் சாப்பாடும் உண்டு, சுத்துவட்டாரத் தொழிலாளிங்களுக்கு அதானே தேவைப்பட்டுச்சு. போறதா இருந்தா காலைலயே போங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், லீவு.