கிரிப்புக்கு உள்ளே துரு

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு உவரிப் பக்கம் தோப்பு. அப்பா வைத்திருந்த கான்பூர் .32 ரிவால்வர் இப்போது என் பெயரில் லைசென்சோடு இருக்கிறது. தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய பிறகு பார்த்தால், கிரிப் என்கிற கைப்பிடியின் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. அதன் மரக்கட்டையை நானே கழற்றித் துடைக்கலாமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: ஸ்டேஷன்காரர்களைத் திட்டாதீர்கள் தம்பி. உவரிக் காற்றில் உப்பு, உள்ளங்கை வியர்வையிலும் உப்பு. இரண்டும் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழலை எவ்வளவு துடைத்தாலும் அந்த இடத்துக்குத் துணி போகாது. ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தபோது, வெளியே பளபளக்கும் ரிவால்வர்களின் கிரிப்பைத்தான் முதலில் கழற்றுவேன்.

தாராளமாகக் கழற்றலாம். முதலில் ரிவால்வரை மடித்துத் திறந்து, தோட்டா போடும் ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து வேலை பார்க்கிற ரூமிலேயே தோட்டா இருக்கக் கூடாது.

அப்புறம் திருப்புளி. வீட்டில் ஃபேன் மாட்டுகிற திருப்புளி வேண்டவே வேண்டாம். அதன் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும், திருகின் வெட்டைத் தின்றுவிடும். வெட்டின் அகலத்துக்கும் கனத்துக்கும் சரியாகப் பொருந்துகிற நுனி வேண்டும். திருகை முழுசாக எடுக்காமல் சில சுற்று தளர்த்திவிட்டு, அதன் தலையைத் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டுங்கள். எதிர்ப்பக்கக் கட்டை தானாக எழும்பும். பிறகு திருகை எடுத்துவிட்டு, மற்றக் கட்டையை உள்பக்கமிருந்து விரலால் தள்ளினால் போதும். ஓரத்தில் நுனியைக் கொடுத்து நெம்பினால் மரம் சில்லு சில்லாகப் பெயரும். கீழே கட்டையை நிறுத்துகிற சின்ன ஊசி ஒன்று இருக்கும், பெரும்பாலும் அங்கேதான் உடையும்.

உள்ளே தெரியும் மெயின் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பழைய பல் பிரஷ்ஷால் அழுக்கை எடுத்து, கன் ஆயில் தொட்ட துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காயெண்ணெய்தான். இதற்கு ஆகாது, நாள்பட்டால் கெட்டுப்போகும். இரும்பில் எண்ணெய் மிஞ்சினால் மரம் அதைக் குடித்து ஊறிப்போகும். மாட்டும்போது திருகு இறுகியதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு கால் சுற்று என்று ஆசைப்பட்டால் கட்டை விரியும்.

இதை அடிக்கடி செய்ய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை, நனைந்தால் அன்றைக்கே. துரு குழி விழுந்திருந்தால் உப்புத்தாளைத் தொடாமல் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள், உங்கள் லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு. தோல் உறைக்குள் போட்டே பீரோவில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடுங்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.