மூடிய திரவத்தில் சின்ன விசை எப்படிப் பெரிய பாரத்தைத் தூக்குகிறது?

கேள்வி: "மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பள்ளியில் படித்தோம். சமமாகப் பரவுவது எப்படிப் பெரிய விசையாகிறது? சும்மா பலம் கிடைக்குமா? நிஜத்தில் இது எங்கே பயன்படுகிறது?"

கடலூர் ஓ.டி.யில் (ஓல்ட் டவுன்) ஹைட்ராலிக் ஹோஸும், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீலும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த விதியை நம்பித்தான் என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சமமாகப் பரவுவது அழுத்தம், விசை இல்லை. அழுத்தம் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு விசை என்ற கணக்கு. ஒரு ஜாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியது 20 சதுர செ.மீ. என்று வைப்போம். சின்னதை 50 கிலோ விசையால் அழுத்தினால் எண்ணெய் முழுக்க சதுர செ.மீ.க்கு 50 கிலோ அழுத்தம் வந்துவிடும். பெரிய பிஸ்டனின் ஒவ்வொரு சதுர செ.மீ.யையும் அதே 50 கிலோ தள்ளும். மொத்தம் 1000 கிலோ, ஒரு டன்.

சும்மா கிடைக்கவில்லை. சின்ன பிஸ்டன் 20 செ.மீ. இறங்கினால்தான் பெரியது 1 செ.மீ. ஏறும். விசையில் வாங்கியதைத் தூரத்தில் கட்டிவிடுகிறோம். ஜாக்கி கைப்பிடியை அத்தனை தடவை அடிக்க வேண்டியிருப்பது அதனால்தான். ஒவ்வொரு அடிக்கும் தள்ளிய எண்ணெய் திரும்பி வராமல் உள்ளே இருக்கும் நான்-ரிட்டன் வால்வு பிடித்துக்கொள்ளும்.

விதியைச் சொன்னவர் பிளேஸ் பாஸ்கல். ஒரு பரப்பு இன்னொன்றைப் போல நூறு மடங்கு இருந்தால், சின்னதை அழுத்தும் ஒரு ஆள் பெரியதை அழுத்தும் நூறு ஆட்களுக்குச் சமம் என்று எழுதிவைத்தார். 1662இல் அவர் இறந்தார், அந்த நூல் 1663இல்தான் அச்சானது. ஆனால் ஜோசப் பிராமா லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795இல். நடுவில் 130 வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது! கணக்கு எல்லோருக்கும் தெரியும். எண்ணெயோ தண்ணீரோ, அந்த அழுத்தத்தில் பிஸ்டன் ஓரமாகக் கசியாமல் அடைத்து வைப்பதுதான் கஷ்டம். பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே அதற்குத் தோலால் ஒரு கிண்ண வடிவ சீல் செய்தார் என்று சொல்வார்கள். உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்தத் தோலின் உதடு விரிந்து சுவரோடு இன்னும் இறுக ஒட்டும். கசிய வைக்கும் அழுத்தமே கசிவை அடைக்கிறது. இன்று என் கடையில் கொடுக்கும் யு-கப் சீலும் அதே யோசனைதான், தோலுக்குப் பதில் பாலியூரித்தேன். திறந்த பக்கம் அழுத்தம் வரும் திசையைப் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் நிற்காது.

என்னைக் கேட்டால், இந்த விதியில் 'மூடிய' என்ற நிபந்தனைதான் பாதி விஷயம். மூடி இருந்தால்தான் எல்லாமே. கடலோரத்தில் இது இன்னும் பாடு. உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளின் சிலிண்டர் ராடில் குரோம் பூச்சு புள்ளி புள்ளியாக அரித்துவிடும், அந்தச் சொரசொரப்பு போகவரப் புது சீலைக் கிழித்துவிடும். சீல் மட்டும் மாற்றிப் பிரயோஜனம் இல்லை, ராடையும் பார்க்க வேண்டும்.

பலர் நினைப்பதற்கு மாறான இன்னொன்று: பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஜேசிபி சும்மா நிற்கும்போது பம்ப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். எண்ணெய் ஒரு சுற்று சுற்றி டேங்குக்குத் திரும்பும், மீட்டர் பெரிதாக ஏறாது. பக்கெட் மண்ணில் குத்தி நின்றதும் மடமடவென்று 200 கிலோவைத் தாண்டும். (சதுர செ.மீ.க்கு என்பதை மெக்கானிக்குகள் சொல்வதில்லை, வெறும் 'கிலோ'தான்.) எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம். அளவு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். ஆகவே 'பிரஷர் வரலை, பம்ப் போச்சு' என்று வருகிறவர்களிடம், முதலில் ரிலீஃப் வால்வையும் சிலிண்டருக்குள் இருக்கும் சீலையும் பாருங்கள் என்பேன்.

பிரேக்கிலும் இதே கதை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் ஒரே நேரத்தில் போகிறது. லைனில் காற்று புகுந்தால் மட்டும் கெட்டது. எண்ணெய் அவ்வளவாகச் சுருங்காது, காற்று நன்றாகச் சுருங்கும். நீங்கள் மிதிக்கும் தூரமெல்லாம் காற்றைச் சுருக்கவே செலவாகி, பெடல் மெத்தென்று உள்ளே போகும். காற்றை எடுப்பது அதற்குத்தான். அப்புறம், டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதில் 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் சூடேறி உள்ளேயே ஆவியானால் பிரேக் பிடிக்காது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு, பிரேக் ஆயிலை மாற்றக் கம்பெனி சொல்லும் கெடுவைத் தாண்ட விடாதீர்கள்.

கரும்பு ஆலையில் சாறு பிழியும் மேல் உருளையையும் ஹைட்ராலிக்தான் அழுத்திப் பிடிக்கிறது. கரும்பு தடிமனாக வந்தால் உருளை சற்று மேலே எழும்ப இடம் வேண்டும் இல்லையா? அங்கே மட்டும் வேண்டுமென்றே நைட்ரஜன் அடைத்த ஒரு பையை வைக்கிறார்கள். பிரேக்கில் எதிரியான அதே சுருக்கம் இங்கே உதவி செய்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே, நெய்வேலியில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் நிறைந்த மணல் அடுக்கு உண்டு. மேலே நீர் புகாத அடுக்குகள் மூடியிருப்பதால் அந்த நீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ. கேட்கச் சின்னதாக இருக்கிறதா? சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 60 முதல் 80 டன். மேலே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் அதை அமுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை, படுகையை உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் அங்கே ஆழ்துளைக் கிணறுகளால் இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே தோண்டுகிறார்கள்.

கடைசியாக, இந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. ஹோஸில் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே வரும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் எறும்பு கடித்தது போலத்தான் இருக்கும், சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். இன்ஜினை நிறுத்தி, லீவர்களை ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். ஓட்டத்திலேயே பார்த்தாக வேண்டுமென்றால் தள்ளி நின்று ஓர் அட்டையைக் காட்டுங்கள், எண்ணெய் அதில் படியும். அப்படியும் பட்டுவிட்டால் காயம் சின்னது என்று வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.