ஐரிஷ் ஜிக் தாளத்துக்குக் கிதாரில் ஸ்ட்ரம் செய்வது: கேள்வி பதில்

அயர்லாந்தின் நடன இசையில் ஜிக் வகை மெட்டுகளுக்குக் கிதாரில் துணை வாசிப்பது பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கெல்டிக் இசை என்ற பெயருக்குள் ஸ்காட்லாந்தும் பிரான்சின் பிரித்தானியும் கனடாவின் கேப் பிரெட்டனும்கூட அடங்கும். ஆயினும் எனக்குப் பழக்கமான ஐரிஷ் மரபை வைத்தே பேசுகிறேன்.

கேள்வி: ஜிக் 6/8 தாளம் என்று படித்துவிட்டு ஒன்று முதல் ஆறு வரை எண்ணி வாசிக்கிறேன். ஆனால் அது வால்ட்ஸ் போலவே ஒலிக்கிறது. ஏன்?

பதில்: ஆறு எண்ணுவதுதான் காரணம். ஒரு ஜிக்கின் அளவைக்குள், அதாவது தாளம் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டத்துக்குள் (bar), ஆறு சிறு ஸ்வரங்கள் இருப்பது உண்மையே. ஆனால் அவை மூன்று மூன்றாகச் சேர்ந்து இரண்டு அடிகளாக விழுகின்றன. ஆடுபவரின் கால் தரையைத் தொடுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். அதே ஆறு ஸ்வரங்களை இரண்டிரண்டாக மூன்று குழுக்களாகக் கேட்டால் அது 3/4, அதாவது வால்ட்ஸின் தாளம். ஆறுக்கும் ஒரே எடை கொடுத்து வாசித்தால் எந்தப் பிரிவை எடுத்துக்கொள்வது என்பது கேட்பவரின் காதுக்கே விடப்படுகிறது, பழகிய காது வால்ட்ஸை எடுத்துக்கொள்கிறது. எனவே அளவைக்கு இரண்டே முறை காலைத் தட்டுங்கள். சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியும் அளவைக்கு இரண்டு முறை மட்டும் ஒலிக்கட்டும். நடுவில் உள்ளவற்றை உங்கள் கை நிரப்பிக்கொள்ளும்.

மெட்டின் கட்டமைப்பையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான ஜிக்குகளில் எட்டு அளவைகள் கொண்ட முதல் பகுதி இரண்டு முறையும், அதே நீளமுள்ள இரண்டாம் பகுதி இரண்டு முறையும் வரும். ஆக மொத்தம் 32 அளவைகள். எந்த அளவையில் இருக்கிறோம் என்பதை எண்ணாமலே உணரும் நிலை வரும்வரை கிதாரைக் கீழே வைத்துவிட்டு மெட்டை மட்டும் கேட்பதையும் நான் பயிற்சியாகவே கருதுகிறேன்.

கேள்வி: ஒரு காணொளியில் 'டவுன் அப் டவுன், டவுன் அப் டவுன்' என்கிறார்கள், இன்னொன்றில் இடைவிடாமல் மாறி மாறி அடிக்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டு முறையிலும் சிறப்பாக வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் புதிதாகக் கற்பவருக்கு முதல் முறையையே பரிந்துரைப்பேன்.

மாறி மாறி அடிக்கும்போது முதல் அடி டவுனில் தொடங்கும், இரண்டாம் அடி அப்பில் தொடங்கும். டவுன் வீச்சு கையின் எடையோடு தடித்த கம்பிகளிலிருந்து இறங்குவது. அப் வீச்சு மெல்லிய கம்பிகளிலிருந்து ஏறுவது. இரண்டுக்கும் இயல்பாகவே ஒலி வேறு. ஆகவே நான்காம் ஸ்வரத்தில் விழ வேண்டிய அழுத்தம் சற்றே மெலிந்துபோகிறது. பயிற்சி மிகுந்தவர்கள் அப் வீச்சிலும் அதே அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். தொடக்கநிலையில் அது கைகூடுவதில்லை. 'டவுன் அப் டவுன்' முறையில் அடி விழும் இடமெல்லாம் டவுன் என்பதால் தாளம் தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மூன்றாவது ஸ்வரமும் டவுன், அடுத்த குழுவின் முதல் ஸ்வரமும் டவுன். இரண்டுக்கும் இடையில் கை ஒலியெழுப்பாமல் மேலே திரும்பியாக வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் விநாடிக்கு ஆறு ஸ்வரங்கள் வருகின்றன. அப்படியானால் கை திரும்ப உங்களுக்குக் கிடைப்பது ஆறில் ஒரு பங்கு விநாடிதான். எனவே மூன்று வீச்சுகளும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. முதலாவது அகலமாகத் தடித்த கம்பிகளில் விழட்டும். இரண்டாவது, மெல்லிய இரண்டு மூன்று கம்பிகளைத் தொட்டுச் செல்லும் அப். மூன்றாவது, அதே மெல்லிய கம்பிகளை மட்டும் உரசும் குறுகிய டவுன். கை கீழே தொலைவாகப் போயிருக்காது என்பதால் திரும்புவதும் எளிது. ஆறு கம்பிகளையும் ஆறு முறையும் அடிப்பவருக்கு இந்தத் தாளம் ஒருநாளும் வேகத்தில் வராது.

கேள்வி: நிமிடத்துக்கு 85 அடி வரை சரியாக வாசிக்கிறேன். அதற்கு மேல் போனால் முன்கை இறுகிவிடுகிறது.

பதில்: முழங்கையிலிருந்து முழுக் கையையும் வீசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஜிக்குக்குத் தேவையானது பூட்டில் சாவியைத் திருப்புவதுபோன்ற முன்கைச் சுழற்சியும், அதோடு சேர்ந்த தளர்வான மணிக்கட்டும்தான். இடது கை விரல்களைக் கம்பிகளின் மேல் அழுத்தாமல் படிய வைத்து, கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) எதுவும் இன்றி வெறும் 'சக் சக்' ஒலியில் 60 அடி வேகத்தில் பழகுங்கள். இடது கைக்கு வேலை இல்லாதபோது வலது கையின் இறுக்கம் உடனே தெரியவரும். தோளும் தாடையும் இறுகுகின்றனவா என்றும் பாருங்கள். பலருக்குத் தொல்லை அங்கிருந்தே தொடங்குகிறது. சீராக வந்த பிறகு நான்கைந்து அடிகளாக வேகத்தைக் கூட்டுங்கள். இறுகும் வேகத்திலேயே பிடிவாதமாகப் பழகினால் இறுக்கமும் சேர்ந்தே பழகிவிடும்.

எந்த வேகம் போதும் என்று அடுத்துக் கேட்பீர்கள். நண்பர்கள் கூடி வாசிக்கும் செஷன்களில் 110 முதல் 120 வரை வழக்கமானது. 100இல் நிதானமாக வாசிக்கப்படும் ஜிக்கும் அழகாகவே இருக்கும்.

கேள்வி: நான் மிருதங்கம் பயின்றவன். 'தகிட தகிட' என்று திஸ்ர நடையில் சொல்லிக்கொண்டே ஸ்ட்ரம் செய்தால் போதாதா?

பதில்: தொடங்குவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது, 'த' விழும் இடமெல்லாம் டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் 'தகிட' சொல்லும்போது மூன்று எழுத்துகளும் சம இடைவெளியில் விழும். அப்படித்தான் உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். ஜிக்கில் பெரும்பாலும் முதல் ஸ்வரம் சற்று நீண்டு, இரண்டாவது அதற்கேற்பக் குறுகி, மூன்றாவது அடுத்த அடியை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். இந்த அசைவின் அளவு வட்டாரத்துக்கு வட்டாரம், வாசிப்பவருக்கு வாசிப்பவர் மாறும். இதை எழுத்தில் குறிப்பது கடினம். நல்ல பிடில் கலைஞர் ஒருவரின் ஒலிப்பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு அதனோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள், இடைவெளிகளில் உள்ள ஏற்றத்தாழ்வு புலப்படும். மெட்ரோனோமோடு மட்டுமே பழகியவர்களின் ஜிக் தட்டையாக ஒலிப்பதற்கும் இதுவே காரணம். அடியைக் காட்ட மெட்ரோனோம் போதும். அடிகளுக்கு இடையில் நடப்பதை மனிதரிடமிருந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எந்தத் தடிமனில் பிக் வாங்குவது?

பதில்: கம்பிகளை மீட்டும் தகடான பிக்கில், 0.60 மில்லிமீட்டரை ஒட்டிய நைலான் பிக்கோடு தொடங்குங்கள். நுனி மட்டும் வெளியே தெரியுமாறு, நழுவிவிடாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். 1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமன் மெட்டு வாசிக்க நன்றாக இருக்கும். தொடர்ந்து ஸ்ட்ரம் செய்யும்போது கம்பியில் தடுக்கும்.

கேள்வி: ஐரிஷ் இசைக்கு டாட்காட் சுருதி கட்டாயமா? சாதாரண சுருதியிலேயே வாசிக்கக் கூடாதா?

பதில்: கட்டாயமில்லை. இங்கே டாட்காட் சுருதி, சாதாரண சுருதி என்பவை ஆறு கம்பிகளையும் எந்தெந்த ஸ்வரத்தில் கட்டுவது என்ற முறைகள். இந்த மரபில் கிதாரே புதிதாக வந்ததுதான். 1920களில் நியூயார்க்கில் பதிவான மைக்கேல் கோல்மன் போன்ற ஸ்லைகோ பிடில் கலைஞர்களின் இசைத்தட்டுகளில் பெரும்பாலும் பியானோவே துணை வாசிக்கிறது. 1960களுக்குப் பிறகே கிதார் இங்கு வலுவாக வேரூன்றியது. அதனால் 'இதுதான் மரபு' என்று எவரும் அடித்துச் சொல்ல முடியாது.

தடித்த கம்பியிலிருந்து டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று கட்டும் டாட்காட் சுருதியை 1960களின் தொடக்கத்தில் பரவச் செய்தவர் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் டேவி கிரஹாம். பின்னர் போத்தி பேண்ட் குழுவின் மீஹால் ஓ டோனல் அதை நடன மெட்டுகளுக்குத் துணையாக வாசித்துக் காட்டினார். அதன் வசதி என்னவென்றால், மூன்றாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட்டை மட்டும் அழுத்தி மற்றவற்றைத் திறந்துவிட்டால் மேஜரும் அல்லாத மைனரும் அல்லாத டி கார்டு கிடைத்துவிடும். ஐரிஷ் புல்லாங்குழலுக்கும் யூலியன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழலுக்கும் டி அடிப்படைச் சுருதி என்பதால் அந்தத் திறந்த ஒலி அவற்றோடு நன்றாக ஒட்டும். வேறு ஆதார ஸ்வரத்தில் மெட்டு வந்தால் கேப்போ (கிதாரின் கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளின் ஒலியையும் உயர்த்தும் பிடி) போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஐரிஷ் கிதார் கலைஞர் ஆர்ட்டி மெக்கிளின் ஆறாவது கம்பியை மட்டும் டி வரை இறக்கி வாசித்தார். மார்ட்டின் ஹேஸின் பிடிலுக்குத் துணை வாசித்த டெனிஸ் கஹில் சாதாரண சுருதியிலேயே, மிகக் குறைந்த ஸ்வரங்களைக் கொண்டு வாசித்தார். உங்களுக்குச் சாதாரண சுருதிக் கார்டுகள் ஏற்கெனவே தெரியுமென்றால், ஆறாவது கம்பியை இறக்கிக்கொண்டு தாளத்தைக் கவனியுங்கள். புதிய சுருதியையும் புதிய தாளத்தையும் ஒரே மாதத்தில் கற்க முயன்று இரண்டையும் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மோரிசன்ஸ் ஜிக்குக்கு இ மைனர், சி, டி என்று கார்டு போட்டேன். பிடில் வாசிக்கும் நண்பர் முகம் சுளித்தார். இ மைனரில் சி கார்டு வரும்தானே?

பதில்: பாப் பாடலில் வரும். இந்த ஜிக் இ டோரியனில் அமைந்தது. அதாவது டி மேஜரின் ஸ்வரங்களே இ-யிலிருந்து தொடங்குகின்றன. அதனால் மெட்டில் வருவது சி ஷார்ப். நீங்கள் சாதாரண சி-யைப் பிடித்தால் இரண்டும் அரை ஸ்வர இடைவெளியில் மோதும். இ மைனரும் டி-யும் போதும். நடுவே ஓரிடத்தில் ஏ வரலாம். ஏ டோரியன் மெட்டுகளிலும் இதே கதைதான்: ஏ மைனரும் ஜி-யும் பொருந்தும், எஃப் மேஜர் பொருந்தாது, ஏனென்றால் மெட்டில் இருப்பது எஃப் ஷார்ப். டி மிக்ஸோலிடியனில், அதாவது ஜி மேஜரின் ஸ்வரங்கள் டி-யிலிருந்து தொடங்குமாறு அமைந்த மெட்டுக்கு டி-யும் சி-யும். அங்கே ஏ மேஜரைத் தவிருங்கள். கெஷ் ஜிக் போன்ற ஜி மேஜர் மெட்டுகளுக்கு மட்டும் வழக்கமான ஜி, சி, டி ஒத்துவரும்.

குழப்பமாக இருந்தால் கார்டின் மூன்றாம் ஸ்வரத்தை விட்டுவிட்டு முதலும் ஐந்தாமும் மட்டும் பிடியுங்கள். கார்டை எப்போது மாற்றினாலும் இரண்டு அடிகளில் ஒன்றின் மேல் மாற்றுங்கள். நடுவில் மாற்றுவது பின்னாளில் கற்க வேண்டிய நுணுக்கம்.

கேள்வி: ஸ்லிப் ஜிக், ஸ்லைடு என்றும் சொல்கிறார்களே, அவற்றுக்கும் இதே ஸ்ட்ரம்தானா?

பதில்: ஸ்லிப் ஜிக் 9/8, மூன்று அடிகள். 'டவுன் அப் டவுன்' மூன்று முறை வரும், அவ்வளவே. மாறி மாறி அடிப்பவர்களுக்கு இங்குதான் சிக்கல்: ஒன்பது ஒற்றைப்படை என்பதால் இரண்டாவது அளவையே அப்பில் தொடங்கிவிடும். முதல் முறையை நான் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடு பொதுவாக 12/8இல் எழுதப்படுவது. கெர்ரி, கார்க் மாவட்ட எல்லையில் உள்ள ஷ்லீவ் லூக்ரா பகுதியின் தனி அடையாளம். வேகம் ஜிக்கைவிடக் கூடுதல், மெட்டும் பெரும்பாலும் நெடில் குறில், நெடில் குறில் என்றே நகரும். அங்கே மூன்று வீச்சுகளையும் திணிக்காமல் அடியில் ஒரு டவுனும் மூன்றாவது இடத்தில் ஒரு அப்பும் போட்டு நடுவை விட்டுவிட்டால் மெட்டும் தெளிவாகக் கேட்கும், உங்கள் கைக்கும் ஓய்வு கிடைக்கும்.

கேள்வி: செஷனில் நான் சேர்ந்தாலே சத்தம் அதிகம் என்கிறார்கள். மெதுவாக வாசித்தால் எனக்கே கேட்பதில்லை.

பதில்: உங்களுக்குக் கேட்காவிட்டால் பரவாயில்லை, பிடிலும் குழலும் உங்களுக்குக் கேட்கின்றனவா என்பதே அளவுகோல். வலது உள்ளங்கையின் விளிம்பைப் பிரிட்ஜ் அருகே கம்பிகளின் மேல் இலேசாக வைத்துத் தடித்த கம்பிகளின் நீள் ஒலியைக் குறையுங்கள். இடது கையின் அழுத்தத்தை அடிகளுக்கு நடுவே தளர்த்தினால் கார்டு தொடர்ந்து முழங்காமல் துடிப்பாக மாறும். தெரியாத மெட்டாக இருந்தால் முதல் சுற்று முழுவதும் கேட்டுவிட்டு இரண்டாவது சுற்றில் நுழையுங்கள். ஏற்கெனவே ஒரு கிதார் ஒலித்துக்கொண்டிருந்தால் உங்களுடையதை மடியிலேயே வைத்திருங்கள். இருவர் இருவேறு கார்டுகள் பிடித்தால் மெட்டு குழம்பும் என்பதால் பல செஷன்களில் ஒரு நேரத்தில் ஒரு கிதார் என்பதே நடைமுறை. நீங்கள் சேரலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது முறை.

கேள்வி: ஒரு மெட்டு முடிந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் எப்போதும் தவறவிடுகிறேன்.

பதில்: ஒரு மெட்டை மூன்று முறை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்ததற்குப் போவது பரவலான வழக்கம். மூன்றாம் சுற்றின் கடைசி நான்கு அளவைகள் வந்தவுடன் கிதாரின் கழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மெட்டை நடத்திச் செல்பவரைப் பாருங்கள். தலையசைப்பு, புருவம், சிலரிடம் 'ஹப்' என்ற ஒரு குரல் வரும். அடுத்த மெட்டின் ஆதார ஸ்வரம் தெரியாவிட்டால் கார்டை விட்டுவிட்டு, கம்பிகளை அடக்கி, 'டவுன் அப் டவுன்' ஓசையை மட்டும் தொடருங்கள். புதிய மெட்டின் முதல் இரண்டு அளவைகளிலேயே ஆதார ஸ்வரம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும், அதன்பின் இடது கையை அழுத்தினால் போதும்.